பயிற்சித் தேவை மதிப்பீடு: திருப்பூர் யூனிட்டுகளில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

பின்னலாடை யூனிட்டுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் வேலை. போகிற இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "எப்ப மேடம் கிளாஸ் ஆரம்பிக்கலாம்?" என்பதுதான். "ரெண்டு நாள் உள்ளே சுத்திப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்பேன். சுற்றிப் பார்ப்பதற்கு எதற்குக் காசு என்று அங்கே தொடங்கும் பேச்சு, பல சந்தேகங்களில் போய் நிற்கும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, நான் சொல்லும் பதிலைச் சேர்த்திருக்கிறேன். உதாரணமெல்லாம் பனியன் தொழிலிலிருந்து வருகிறது. வேறு தொழில்காரர்கள் ஊசி என்று வரும் இடத்தில் தங்கள் கருவியைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

டி.என்.ஏ. போடணும்னு ஆடிட்டுக்கு வந்தவர் சொல்லிட்டுப் போறார். அது மெர்ச்சண்டைசர் போடுறதுதானுங்களே?

இல்லை. இது பெயர்க் குழப்பம். மெர்ச்சண்டைசர், அதாவது வாங்கும் கம்பெனியின் ஆர்டரைத் தொடக்கம் முதல் ஷிப்மெண்ட் வரை கவனிப்பவர், போடுவது டைம் அண்ட் ஆக்‌ஷன் அட்டவணை: நூல் எப்போது வரும், சாயப்பட்டறைக்குத் துணி எப்போது போகும், கண்டெய்னர் எப்போது ஏறும் என்று ஒரு ஆர்டரின் நாள் கணக்கு. ஆடிட்டர் கேட்டது டிரெய்னிங் நீட்ஸ் அசெஸ்மெண்ட், அதாவது பயிற்சித் தேவை மதிப்பீடு. இரண்டையும் டி.என்.ஏ. என்றே சொல்கிறார்கள். தமிழில் எழுதினால் மரபணுவும் அதே மூன்றெழுத்து என்பது கூடுதல் தொல்லை. ஒரு யூனிட்டில் ஆடிட்டருக்கு ஆர்டர் அட்டவணையை எடுத்து நீட்ட, "இதுல ட்ரெய்னிங் எங்க?" என்று அவர் தேடியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

தேவைன்னா என்ன பெரிய விஷயம்? எங்களுக்கு என்ன வேணும்னு எங்களுக்குத் தெரியாதா?

வேண்டியது தெரியும். தேவை தெரியுமா என்பதுதான் கேள்வி. "சூப்பர்வைசருக்கு லீடர்ஷிப் கிளாஸ் வேணும்" என்பது தேவை இல்லை, அது ஒரு தீர்வு. எந்தக் கஷ்டத்துக்கு அந்தத் தீர்வு என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்க ஆரம்பிப்பார்கள். ரோஜர் காஃப்மன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இந்த ஒரு விஷயத்தையே பல வருடம் வலியுறுத்தி எழுதினார்: இப்போது கிடைக்கும் பலனுக்கும் கிடைக்க வேண்டிய பலனுக்கும் இடையே உள்ள இடைவெளிக்குத்தான் தேவை என்று பெயர். அந்த இடைவெளியை அடைக்க நாம் கொண்டுவருவதெல்லாம் வழி.

"100 பீஸ் செக் பண்ணினால் 9 குறை வருகிறது, 4-க்கு மேல் வரக்கூடாது." இது தேவை. இப்படி எழுதிவிட்டால் வகுப்புதான் வழியா, மிஷின் சர்வீஸ் வழியா, ஆள் மாற்றுவது வழியா என்று எல்லாக் கதவும் திறந்திருக்கும். "வகுப்பு வேண்டும்" என்று தொடங்கினால் ஒரு கதவுதான்.

டெய்லருக்கு ட்ரெய்னிங் இல்ல, அதான் ரிஜெக்‌ஷன். இதுல கண்டுபிடிக்க என்ன இருக்கு?

இதே வார்த்தையைச் சொன்ன ஒரு முதலாளியின் யூனிட்டில் நடந்ததைச் சொல்கிறேன். டி-ஷர்ட்டின் கை மடிப்பிலும் அடி மடிப்பிலும் தையல் விட்டுப்போகிறது. அந்த மடிப்பைத் தைக்கும் பேட்லாக் மிஷின் டெய்லர்கள் எட்டுப் பேருக்கும் மூன்று நாள் பயிற்சி கொடுத்துவிடுங்கள் என்றார். செக்கிங் டேபிளில் இருந்த நோட்டை வாங்கி மணி வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். காலையில் குறை கம்மி. மாலை ஆறு மணிக்கு மேல் ஏறுகிறது. ஒன்றரை ஷிப்ட் ஓட்டுகிற யூனிட், ஆள் களைத்துப்போகிறார்கள், அதனால்தான் என்று நானும் முதலில் நினைத்தேன்.

ஆறரைக்கு லைனில் போய் நின்றேன். ஒரு அக்கா மூன்றாவது முறையாகத் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். "ஊசி மாத்திப் பார்த்தீங்களா?" என்றேன். ஊசியைக் கழற்றி என் நகத்தின் மேல் வைத்து இழுத்துக் காட்டினார். முனை மழுங்கி, நகத்தில் கோடு விழுந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். "ஸ்டோர் ஆறு மணிக்குப் பூட்டிருவாங்க. பழைய ஊசியைக் கொடுத்து ரிஜிஸ்டர்ல ஒட்டினாத்தான் புதுசு. சூப்பர்வைசர் கையெழுத்து வேற. அதுக்கு நாலு பீஸ் பிரிச்சுத் தெச்சுரலாம்." எக்ஸ்போர்ட் யூனிட்டில் உடைந்த ஊசிக்குக் கணக்கு வைப்பது கட்டாயம்தான். உடைந்த துண்டு குழந்தைத் துணியில் போய்விட்டால் என்ன ஆவது? ஆனால் உடைந்த ஊசிக்கு வைத்த விதியை மழுங்கிய ஊசிக்கும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த பீஸ் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, வேலை பார்ப்பவர் ஊசி கேட்டு நடந்தால் அவருக்குத்தான் நஷ்டம்.

லைனிலேயே ஒரு பெட்டி, ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் கட்டாய ஊசி மாற்றம், மாற்றியதற்கு ஒரு வரி எழுத நோட்டு, ஷிப்ட் முடியும்வரை ஸ்டோர் சாவி ஒருவரிடம். அவ்வளவுதான் செய்தது. அந்த எட்டுப் பேரை மூன்று நாள் உட்கார வைத்துப் பேட்லாக் கற்றுக்கொடுத்திருந்தால், எனக்குத் தெரிந்ததைவிட அவர்களுக்கு அதிகம் தெரியும் என்பது முதல் அரை மணி நேரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

சரி, ஆனா எல்லாத்துக்கும் ஊசி காரணமாகாதே. எது ட்ரெய்னிங்ல தீரும், எது தீராதுன்னு எப்படிப் பிரிக்கறது?

ராபர்ட் மேகரும் பீட்டர் பைப்பும் 1970-இல் ஒரு கேள்வியைப் பிரபலமாக்கினார்கள். அதைச் சுருக்கி நம் பேச்சில் சொன்னால்: உயிரே போகும் என்றாலும் இவரால் இதைச் செய்ய முடியாதா? முடியாது என்றால் பயிற்சி பற்றிப் பேசலாம். முடியும், ஆனால் செய்யவில்லை என்றால் காரணம் வேறெங்கோ. மேலே சொன்ன அக்காவுக்கு ஊசி மாற்றத் தெரியும், மாற்றவில்லை. அந்த வித்தியாசம்தான்.

தாமஸ் கில்பர்ட் 1978-இல் இதை ஆறு கட்டமாகப் போட்டார். மூன்று கட்டம் வேலையிடத்தைப் பற்றியது: என்ன எதிர்பார்க்கிறோம் என்று சொன்னோமா, சரியான கருவி கொடுத்தோமா, நன்றாகச் செய்தால் பலன் உண்டா. மூன்று கட்டம் ஆளைப் பற்றியது: தெரியுமா, உடலும் திறமையும் ஒத்துழைக்கிறதா, விருப்பம் இருக்கிறதா. ஆளைத் திருத்துவதற்கு முன் இடத்தைப் பார் என்பது அவர் கட்சி. என் அனுபவமும் அதுதான். "தெரியவில்லை" என்ற கட்டத்தில் மட்டும்தான் வகுப்பு வேலை செய்யும். மற்ற ஐந்தில் நடத்தினால் டீயும் பன்னும்தான் மிச்சம்.

மூணு லெவல்ல பண்ணணும்னு எச்.ஆர். படிச்ச பொண்ணு சொல்லுது. அது என்னங்க மூணு?

மெக்கீஹீ, தேயர் என்ற இருவர் 1961-இல் வகுத்தது. நிறுவனம், வேலை, ஆள். இன்றைக்கும் பாடப்புத்தகங்கள் இதைத்தான் சுற்றி வருகின்றன. நிறுவனம் எங்கே போகிறது, அதற்கு எந்த இடம் இடிக்கிறது என்பது முதல் லெவல். குறிப்பிட்ட வேலையைச் சரியாகச் செய்ய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. இந்த ஆளுக்கு அதில் எது தெரியும், எது தெரியாது என்பது மூன்றாவது.

நம் ஊரில் மூன்றாவதிலிருந்து ஆரம்பித்து அங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆள் மேல் குறை சொல்வது சுலபம் என்பதால் இருக்கலாம்.

இது ட்ரெய்னிங்குக்கு மட்டும்தானா? புது லைன் போடலாமா, ஆள் எடுக்கலாமான்னு முடிவு பண்ணவும் உதவுமா?

அதற்குத்தான் அதிகம் உதவும், சொல்லப்போனால். காட்டன் டி-ஷர்ட்டே தைத்துக்கொண்டிருந்த யூனிட் பாலியஸ்டர் ஸ்போர்ட்ஸ் துணிக்கு மாறப் பார்க்கிறது என்று வையுங்கள். துணி வழுக்கும். ஊசி சூடேறினால் இழை உருகும். கட்டிங் டேபிளில் அடுக்கு நகரும். அயர்ன் சூட்டில் பளபளப்பு அடிக்கும். இந்த நான்கில் எது டெய்லர் பழகினால் தீரும், எதற்கு மிஷினில் மாற்றம் வேண்டும், எதற்கு அனுபவமுள்ள கட்டிங் மாஸ்டரை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று ஆர்டர் வாங்குவதற்கு முன்னால் பிரித்துப் பார்ப்பதும் தேவை மதிப்பீடுதான். முதல் லெவல் என்று மேலே சொன்னது இதைத்தான்.

ஐ.எஸ்.ஓ. தரச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் 9001:2015-இன் 7.2 பிரிவை ஒருமுறை பொறுமையாகப் படிக்கட்டும். அங்கே பேச்சே தகுதி பற்றித்தான். அந்தத் தகுதியைக் கொண்டுவரப் பயிற்சி கொடுக்கலாம், அனுபவசாலியின் பக்கத்தில் உட்காரவைக்கலாம், ஆளை வேறு வேலைக்கு மாற்றலாம், தெரிந்த ஆளை எடுக்கலாம் அல்லது ஒப்பந்தத்தில் கொடுக்கலாம் என்று அந்தப் பிரிவே சொல்கிறது. ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுப்பதும் நியாயமான விடையாக இருக்கலாம்.

எல்லாருக்கும் ஒரு ஃபார்ம் கொடுத்து "உங்களுக்கு என்ன ட்ரெய்னிங் வேணும்"னு கேட்டா முடிஞ்சுதுல்ல?

கேட்டுப் பாருங்கள். "கம்ப்யூட்டர்", "ஸ்போக்கன் இங்கிலீஷ்", "யோகா" என்று வரும். பாதி ஃபார்மில் ஒரே கையெழுத்து இருக்கும். லைனில் யார் எழுதப் படிக்கத் தெரிந்தவரோ அவரே எல்லாருக்கும் நிரப்பியிருப்பார். ஆசையைக் கேட்டால் ஆசையைத்தான் சொல்வார்கள், அது அவர்கள் தப்பு இல்லை. ஆங்கிலம் கற்க விரும்புவது நல்ல ஆசையும்கூட. ஆனால் உங்கள் ரிஜெக்‌ஷனுக்கும் அதற்கும் தொடர்பு கிடையாது.

ஃபார்மே கூடாது என்று சொல்லவில்லை. 300 பேர் இருக்கும் இடத்தில் எல்லாரிடமும் உட்கார்ந்து பேச முடியாது. அப்போது கேள்வியை வேலையின் மேல் வையுங்கள். "போன வாரம் எந்த வேலையைத் திரும்பத் திரும்பப் பிரித்துத் தைத்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வேறு தினுசாக இருக்கும்.

அப்ப யார்கிட்ட போய் என்னன்னு கேக்கறது?

செக்கிங் டேபிள் பெண்களிடம் முதலில் போங்கள். யூனிட்டின் ஜாதகம் அவர்கள் கையில். எந்த லைன், எந்த மிஷின், எந்த நேரம் என்று நோட்டைப் பார்க்காமலே சொல்வார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதில்லை என்பதால் கேட்டால் நிறையவே சொல்வார்கள். அடுத்தது மெக்கானிக். அதற்கப்புறம் டெய்லர், சூப்பர்வைசர். முதலாளியிடம் முதல் நாளும் கடைசி நாளும் பேசினால் போதும்.

"உங்களுக்கு என்ன தெரியாது?" என்று கேட்காதீர்கள். வேலை போய்விடும் என்ற பயத்தில் எல்லாம் தெரியும் என்பார்கள். "புதுசா ஒரு ஆள் இந்த மிஷின்ல உக்கார்ந்தா எங்க தடுமாறுவாங்க?" என்று கேட்டால் தன் தடுமாற்றத்தையும் சேர்த்தே சொல்வார்கள். ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட வேண்டாம். மிஷின் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள். பீஸ் ரேட் ஆள் என்றால் பேசும் நேரத்துக்குக் கூலி கொடுக்கச் சொல்லி முன்கூட்டியே முதலாளியிடம் பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் அரைப் பதில்தான் கிடைக்கும்.

எங்ககிட்ட டேட்டாவே இல்லீங்க. பெரிய கம்பெனிக்குத்தான் இதெல்லாம் ஒத்துவரும்.

இருக்கிறது, டேட்டா என்ற பெயரில் இல்லை. செக்கிங் நோட்டு, ஆல்டர் (பிரித்துத் திருத்தத் திரும்பும் பீஸ்) கூடை, ஊசி ரிஜிஸ்டர், மெக்கானிக் நோட்டு, வருகைப் பதிவு, பீஸ் ரேட் சம்பளச் சீட்டு. சம்பளச் சீட்டில் ஒரே வேலை பார்க்கும் இரண்டு பேருக்கு நடுவே பெரிய வித்தியாசம் இருந்தால், அதிகம் வாங்குபவர் கை எப்படிப் போகிறது என்று பார்க்கலாம். உங்கள் பயிற்சியாளர் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம்.

கணக்கு ஒன்று போதும். குறை எண்ணிக்கையைச் செக் செய்த பீஸால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 400 பீஸில் 36 குறை என்றால் 9. இதைத்தான் டி.எச்.யு. (டிஃபெக்ட்ஸ் பெர் ஹண்ட்ரட் யூனிட்ஸ், 100 பீஸுக்கு எத்தனை குறை) என்கிறார்கள். ஒரே பீஸில் இரண்டு குறை இருந்தால் இரண்டாக எண்ண வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு எங்கள் யூனிட் பரவாயில்லை என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. இந்த எண்ணை ஒரு வாரம் தினமும் எழுதி வையுங்கள். பின்னால் பலன் பார்க்கும்போது இது கட்டாயம் வேண்டும்.

ஸ்கில் மேட்ரிக்ஸ் ஏற்கெனவே சுவத்துல ஒட்டியிருக்குங்களே. அதைப் பார்த்தே ட்ரெய்னிங் போட்டுக்கலாமே?

ஒட்டியிருப்பதைப் பார்த்தேன், யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று வட்டம் போட்டுக் காட்டும் சார்ட். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் என்ற மூன்று மிஷினிலும் எல்லாருக்கும் முழு வட்டம் நிரப்பியிருந்தது. ஊரிலேயே இல்லாத திறமைசாலிகள். இரண்டு வருடம் முன்னால் வேலையை விட்டுப் போனவர் பெயரும் அதில் இருந்தது. ஆடிட்டுக்கு முந்தின நாள் ஸ்கெட்ச் பேனாவில் நிரப்பிய சார்ட்டை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

சரியாகச் செய்தால் அது அருமையான கருவி. ஒவ்வொருவரையும் ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, நேரத்தையும் குறையையும் பார்த்துவிட்டு வட்டத்தை நிரப்ப வேண்டும். நான்கு நிலை போதும்: கற்றுக்கொள்கிறார், பக்கத்தில் ஆள் இருந்தால் செய்வார், தனியாகச் செய்வார், மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பார். ஒரு வேலைக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார் என்று மேட்ரிக்ஸ் காட்டினால், அவர் தீபாவளிக்கு ஊருக்குப் போகும் முன் இன்னொருவரைத் தயார் செய்வது உங்கள் முதல் தேவை.

எத்தனை நாள் ஆகும்? முப்பது பேர் யூனிட்டுக்கும் இவ்வளவு கூத்து வேணுமா?

முப்பது பேர் என்றால் இரண்டு நாள். ஒரு நாள் நோட்டுகளும் பேச்சும். இன்னொரு நாள் லைனில் நிற்பது, அதிலும் ஷிப்ட் முடியும் நேரத்தில் கட்டாயம். 300 பேர் என்றால் ஒன்றிரண்டு வாரம். மாதக்கணக்கில் ஆகும் என்று யாராவது சொன்னால், அறிக்கையின் பக்க எண்ணிக்கைக்குக் காசு கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

பதினெட்டு தேவை லிஸ்ட்ல வந்திருக்கு. பணம் இருக்கறது ரெண்டுக்கு. எதை எடுக்கறது?

செய்யாமல் விட்டால் என்ன செலவு என்று ஒவ்வொன்றுக்கும் தோராயமாகப் போடுங்கள். ஒரு நாளைக்கு 2,000 பீஸ், அதில் 180 ஆல்டருக்குத் திரும்புகிறது, ஒவ்வொன்றுக்கும் பிரித்துத் தைக்க 4 நிமிடம் என்றால் 720 நிமிடம். எட்டு மணி நேரக் கணக்கில் ஒன்றரை ஆள் தினமும் பழைய தையலைப் பிரித்துக்கொண்டே இருக்கிறார். இதைச் சொன்னவுடன் "டீம் பில்டிங்" லிஸ்டில் தானாகக் கீழே இறங்கும்.

பதினெட்டையும் முதலில் கில்பர்ட்டின் ஆறு கட்டத்தில் போட்டுவிடுங்கள். என் கணக்கில் பத்துக்கு மேல் பயிற்சிப் பட்டியலிலிருந்து வெளியே போய்விடும். அவை காணாமல் போகக்கூடாது. மெக்கானிக்குக்கு, ஸ்டோருக்கு, முதலாளிக்கு என்று தனித்தாளில் பெயரோடு எழுதிக் கொடுங்கள். மிச்சத்தில் உயிர் ஆபத்து சம்பந்தப்பட்டது எதுவோ அது முதலிடம், பணக்கணக்கு பார்க்காமல்.

சட்டம் கேக்கறது, பையர் கேக்கறதுக்கும் மதிப்பீடு பண்ணணுமா? அதான் எப்படியும் நடத்தித்தானே ஆகணும்?

நடத்தலாமா வேண்டாமா என்ற கேள்வி அங்கே இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, ஊழியர்களுக்குக் குறித்த கால இடைவெளியில் விழிப்புணர்வு நிகழ்ச்சி நடத்துவதையும் புகாரை விசாரிக்கும் உள் குழு உறுப்பினர்களுக்கு அறிமுகப் பயிற்சி கொடுப்பதையும் முதலாளியின் கடமை என்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் உள் குழு அமைத்தாக வேண்டும். இதில் மதிப்பீடு "எப்படி" என்பதற்கு உதவும். குழுவில் யார் இருக்கிறார்கள் என்று பத்துப் பெண்களிடம் கேளுங்கள். நோட்டீஸ் போர்டில் இருக்கிறது என்பார்கள், பெயர் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் அடுத்த நிகழ்ச்சியில் முதல் வேலை, குழு உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி முகம் காட்டுவது. சட்ட விளக்கம் அப்புறம்.

லைன்ல பாதிப் பேர் பீகார், ஒடிசா ஆளுக. நாம தமிழ்ல கேட்டா தலையாட்டுறாங்க. என்ன பண்றது?

தலையாட்டுவதைப் பதிலாக எழுதிக்கொள்ளாதீர்கள், அதுதான் முதல் வேலை. செய்து காட்டச் சொல்லிப் பாருங்கள். மிஷின் முன்னால் மொழி பெரிய தடை இல்லை. பேசியாக வேண்டும் என்றால் அதே ஊர்க்காரர் ஒருவரை மொழிபெயர்க்க வையுங்கள், ஆனால் அவர்களைக் கூட்டிவந்த காண்ட்ராக்டர் வேண்டாம். அவர் பக்கத்தில் நின்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றுதான் வரும். ஒடிசாவிலிருந்து வந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒடியாதான் வீட்டு மொழி. வடக்கு என்றால் இந்தி என்று எல்லாருக்கும் ஒரே போஸ்டர் அடிப்பது நாம் செய்யும் சோம்பேறித்தனம்.

ஒரு யூனிட்டில் புது ஆட்களுக்குக் குறை அதிகம் என்றார்கள். போய்ப் பார்த்தால் வேலைக் குறிப்பு முழுதும் தமிழில். எது நல்ல பீஸ், எது டேமேஜ் என்று இரண்டு மாதிரியை லைன் தலைமாட்டில் தொங்கவிட்டோம். வகுப்பு நடத்தவில்லை.

கத்துக் கொடுத்தா அடுத்த யூனிட்டுக்கு ஒரு ரூபா சேர்த்துக் கேட்டுட்டுப் போயிடறாங்க. எதுக்குக் கத்துக் கொடுக்கணும்?

போவார்கள், உண்மைதான். ஆனால் அவர்கள் எதற்காகப் போகிறார்கள் என்பதும் மதிப்பீட்டில் கேட்க வேண்டிய கேள்வி. தெரிந்த வேலை கூடியும் ரேட் கூடாவிட்டால் கில்பர்ட்டின் மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது என்று பொருள். ஒரு மிஷினிலிருந்து இரண்டு மிஷின் ஓட்டக் கற்றவருக்கு என்ன கூடும் என்று பயிற்சிக்கு முன்பே எழுதி வையுங்கள். அதை எழுதத் தயாராக இல்லாத முதலாளியிடம் நான் அந்தப் பயிற்சியை ஒத்துக்கொள்வதில்லை.

ஓனர் முடிவே பண்ணிட்டார், மோட்டிவேஷன் ஸ்பீக்கர் புக் ஆயாச்சு, ஹாலும் புக் ஆயாச்சு. இப்பப் போய் மதிப்பீடுன்னு சொன்னா என்னைத்தான் திட்டுவார்.

சொல்ல வேண்டாம். "சார், ஸ்பீக்கர் நம்ம யூனிட் உதாரணத்தோட பேசினா நல்லா இருக்கும், ரெண்டு நாள் விஷயம் சேகரிச்சுக் கொடுக்கறேன்" என்று கேளுங்கள். இதற்கு யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை. அந்த இரண்டு நாளில் செக்கிங் நோட்டைப் பாருங்கள், லைனில் நில்லுங்கள். கிடைத்ததை ஒரே பக்கத்தில் எழுதி ரூபாய்க் கணக்கோடு மேஜையில் வையுங்கள். ஸ்பீக்கர் பேசிவிட்டுப் போகட்டும், ஒரு நாள் கூத்து. அடுத்த வருட பட்ஜெட் பேச்சில் அந்தத் தாள் வெளியே வரும்.

சூப்பர்வைசர்தான் பிரச்சினைன்னு வந்தா அதை எப்படி எழுதறது? அவரும் பக்கத்துலயே உக்கார்ந்திருக்கார்.

இது கத்தி மேல் நடப்பது. யார் சொன்னார் என்று தெரியும்படி ஒரு வரிகூட அறிக்கையில் வரக்கூடாது. ஒரு லைனில் நான்கே பேர் இருந்தால் "மூன்றாம் லைன் டெய்லர்கள் சொன்னது" என்று எழுதினாலே காட்டிக் கொடுத்த மாதிரி. பேச உட்காரும்போதே பெயர் வராது என்று சொல்லியிருந்தால் அந்த வார்த்தையைக் காப்பாற்ற வேண்டும். முதலாளி கேட்டாலும் சரி. ஒருமுறை நான் வாய் தவறியதில் ஒரு பெண்ணுக்கு ஒரு மாதம் ஓவர்டைம் கிடைக்காமல் போனது. அதை இன்றும் மறக்கவில்லை.

ஆளை எழுதாமல் நடப்பதை எழுதலாம். "பண்டல் (வெட்டிய துணிக் கட்டு) லைனுக்கு வந்த பிறகுதான் அளவு மாற்றம் தெரியவருகிறது" என்று எழுதினால் அது சூப்பர்வைசரைப் பற்றியதாகவும் இருக்கலாம், மெர்ச்சண்டைசரைப் பற்றியதாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டு பேரும்தான். பாதிச் சூப்பர்வைசர்கள் நல்ல டெய்லராக இருந்ததற்காக அந்த நாற்காலிக்கு வந்தவர்கள், ஆட்களை எப்படி வேலை வாங்குவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. தெரியவில்லை என்ற கட்டத்தில் உண்மையாகவே விழும் ஒரு தேவை இது. இதற்கு வகுப்பு போடலாம்.

மதிப்பீடு முடிஞ்சுது. ட்ரெய்னிங் பிளான்ல என்னன்னு எழுதறது?

தேதியும் தலைப்பும் மட்டும் போட்ட காலண்டரைப் பிளான் என்று சொல்வதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது. என் தாளில் ஒரு வரி இப்படி இருக்கும்: "இரண்டாம் லைன் ஓவர்லாக், புதிதாக வந்த 5 பேர். தோள் இணைப்பில் சுருக்கம். இப்போது 100 பீஸில் 11, வேண்டியது 4. அனுபவமுள்ள டெய்லர் பக்கத்தில் தினம் 40 நிமிடம், பத்து நாள். சொல்லிக்கொடுப்பவருக்கு அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. பதினைந்தாம் நாள் செக்கிங் நோட்டைப் பார்ப்பது லைன் சூப்பர்வைசர்." ஐந்து பேரை எதற்கு ஹாலில் உட்கார வைக்க வேண்டும்? ஷிப்மெண்ட் நெருக்கும் வாரத்தில் எதையும் போடாதீர்கள். மெர்ச்சண்டைசரின் அந்த இன்னொரு டி.என்.ஏ.வைப் பார்த்துத் தேதி குறியுங்கள்.

பலன் இருந்துச்சான்னு எப்படித் தெரியும்? கடைசியில ஃபீட்பேக் ஃபார்ம் வாங்கறோமே.

அதில் "சாப்பாடு நன்றாக இருந்தது" என்று வரும். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இல் எழுதிய நான்கு படியில் அது முதல் படி: பிடித்ததா. அடுத்தது கற்றார்களா, அப்புறம் வேலையில் மாறினார்களா, கடைசியில் யூனிட்டுக்குப் பலன் உண்டா. நாலாவது படிக்கு அளவுகோல் வேண்டும் என்றால் பயிற்சிக்கு முன்னால் எடுத்த எண் வேண்டும். ஒரு வாரம் டி.எச்.யு. எழுதி வையுங்கள் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். பயிற்சி முடிந்த மறுநாள் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள். ஒரு மாதம் கழித்து, ஆறு மணிக்கு மேல் போய்ப் பாருங்கள்.

ஏனுங்க மேடம், "கிளாஸே வேண்டாம்"னு எழுதிக் கொடுத்தா உங்க பொழப்பு என்னாகறது?

ஊசி யூனிட்டில் நடந்தது அதுதான். அறிக்கை ஒன்றரைப் பக்கம். கடைசி வரி: "பேட்லாக் டெய்லர்களுக்கு வகுப்பு தேவையில்லை. ஊசிப் பெட்டி லைனில் இருக்கட்டும், ஸ்டோர் சாவி ஷிப்ட் முடியும்வரை ஒருவரிடம் இருக்கட்டும்." முதலாளி பில்லைப் பார்த்தார், அறிக்கையைப் பார்த்தார், மறுபடி பில்லைப் பார்த்தார். "ஒரு பெட்டிக்கும் சாவிக்குமா இவ்வளவு?" என்றார். மூன்று நாள் பயிற்சிக்கு எட்டுப் பேர் கூலியும் என் ஃபீஸும் எவ்வளவு ஆகியிருக்கும் என்று கால்குலேட்டரில் தட்டிக் காட்டினேன். ஆயிரம் ரூபாய் குறைத்துத்தான் கொடுத்தார்.